பஞ்ச் என்றால் அஞ்சா?

மே மாதம் பிறந்தால் சூரத்தில் எங்கள் தமிழ்க் குடும்பங்கள் ஒரு சாயங்காலம் ஒன்றுகூடுவது வழக்கம். பள்ளிக்கூடம் லீவு. பாதிப் பேர் ஊருக்கு ரயில் ஏறியிருப்பார்கள். டிக்கெட் கிடைக்காத மீதிப் பேர் (அதில் நாங்கள் எப்போதும் உண்டு) யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் கூடுவோம். ஆளுக்கொரு பதார்த்தம். எனக்கு ஒதுக்கப்பட்ட இலாகா குளிர்பானம். இருபத்தைந்து பேருக்குத் தனித்தனியாக ஜூஸ் பிழிந்து கொடுப்பது நடக்கிற காரியமா? பெரிய பாத்திரத்தில் மொத்தமாகக் கலந்து, ஒரு கரண்டியைப் போட்டு வைத்துவிட்டால் வேண்டியவர்கள் வேண்டிய அளவு மொண்டு குடித்துக்கொள்வார்கள். இதற்குத்தான் ஆங்கிலத்தில் பஞ்ச் என்று பேர்.

இந்தப் பேரைச் சொன்னதும் எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்து விழுந்தது. பஞ்ச் என்பது பஞ்சாமிர்தத்திலிருந்து வந்ததாம். வெள்ளைக்காரன் பழனிக்கு வந்து சாப்பிட்டுப் பார்த்து, அசந்துபோய், ஊருக்குக் கொண்டுபோய் அதில் சாராயத்தை ஊற்றிக் கெடுத்துவிட்டானாம். குழுவில் மூத்தவரான கும்பகோணத்து மாமாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. மாமிக்கோ வேறு கவலை. "குழந்தைங்க குடிக்கிறதுக்குப் போய் சாராயப் பேரா வைக்கிறது?" என்றார். ரெண்டு பேருக்கும் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் தேட ஆரம்பித்தேன். தேடிப் போனால் கதை எங்கெங்கோ சுற்றிவிட்டு, நாங்கள் குடியிருக்கும் இதே ஊரில் வந்து நின்றது.

முதலில் மாமாவின் பஞ்சாமிர்தத்தை முடித்துவிடுகிறேன். பழனிப் பஞ்சாமிர்தம் மலை வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் சேர்த்துப் பிசைவது. 2019ல் புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டது. அதில் புளிப்பு கிடையாது, தண்ணீர் கிடையாது. கையில் வாங்கி நக்கிச் சாப்பிடுகிற பண்டம் அது, பானமே இல்லை. சொந்தம் தேடித்தான் ஆகவேண்டும் என்றால் பானகம் கொஞ்சம் பக்கத்தில் வரும். வெல்லம், தண்ணீர், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய் என்று எண்ணிப் பார்த்தால் கணக்கும் சரியாக அஞ்சு! ஆனால் மூக்கு ஒரே மாதிரி இருக்கிறது என்பதற்காக ரெண்டு பேரை அண்ணன் தம்பி ஆக்கிவிட முடியாது. பானகத்தைக் குடித்துப் பார்த்துத்தான் பஞ்ச் செய்தார்கள் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

காகிதம் இருப்பது வேறு இடத்தில்.

நான் வேலை பார்ப்பது ஹஜீராவில். தொழிற்சாலைப் புகைபோக்கிகளைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் சுவாலி கடற்கரை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒட்டகச் சவாரியும் சோளக்கதிரும் கிடைக்கும். இந்தக் கரைக்கு எதிரேதான் 1612ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் போர்ச்சுகீசியரோடு மோதி ஜெயித்தன. அதற்குப் பிறகு சூரத்தில் கம்பெனிக்கு ஒரு பண்டகசாலை வந்தது. அன்றைக்கு அதை ஃபேக்டரி என்பார்கள். எங்கள் மாதிரி ஷிஃப்ட், சைரன் எல்லாம் கிடையாது. ஒரு பெரிய வீடு, கிடங்குகள், ஒரே மேஜையில் சாப்பாடு, ராத்திரி கதவைச் சாத்திவிடுவார்கள். சுருக்கமாகச் சொன்னால் திருவல்லிக்கேணி மேன்ஷன்.

1638ல் அந்த மேன்ஷனுக்கு ஒரு விருந்தாளி வந்தார். யோஹான் ஆல்பிரெக்ட் ஃபான் மாண்டெல்ஸ்லோ என்று பெயர், ஜெர்மன்காரர். வயது 22தான். பாரசீகத்துக்குப் போன ஒரு தூதுக் குழுவோடு வந்தவர், அங்கிருந்து தனியாகப் பிரிந்து இந்தியா பார்க்கக் கிளம்பிவிட்டார். சூரத்தில் ஆங்கிலேயர்களோடு தங்கினார். அப்போது தலைவராக இருந்தவர் வில்லியம் மெத்வோல்ட். (இந்த மெத்வோல்ட் அதற்கு முன்னால் மசூலிப்பட்டினத்தில் இருந்தவர், கோல்கொண்டா வைரச் சுரங்கங்களைப் போய்ப் பார்த்து எழுதியவர். வைரம் பட்டை தீட்டும் சூரத்துக்காரர்கள் அவருக்கு ஒரு தெருவாவது வைத்திருக்கலாம்.)

மாண்டெல்ஸ்லோ தன் பயணக் குறிப்பில் வெள்ளிக்கிழமைகளைப் பற்றி எழுதுகிறார். பிரார்த்தனை முடிந்த பிறகு தலைவரும் அவருக்கு உறவுமுறையான மூன்று வணிகர்களும் தனியாகக் கூடுவார்களாம். நாலு பேருமே பெண்டாட்டியை இங்கிலாந்தில் விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்கள் ஊரைவிட்டுக் கிளம்பிய கிழமை வெள்ளி. அந்த நாளை நினைத்து, மனைவிமார்களின் ஆரோக்கியத்துக்காகக் கோப்பையை உயர்த்திக் குடிப்பார்கள். அளவுக்கு மேலே போய் நடக்க முடியாமல் ஆனவர்களும் உண்டு என்பதை மனிதர் மறைக்கவில்லை. குடிப்பது என்ன? ஸ்பெயின் நாட்டு ஒயின், இல்லாவிட்டால் 'பலேபுன்ட்ஸ்'. சாராயம், பன்னீர், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை சேர்த்த ஒரு பானம் என்று அதற்கு விளக்கமும் கொடுத்திருக்கிறார்.

'பலேபுன்ட்ஸ்' என்பது வேறொன்றுமில்லை. 'ஒரு பவுல் பஞ்ச்' என்று ஆங்கிலேயர்கள் வேகமாகச் சொன்னது ஜெர்மன் காதில் விழுந்த விதம்.

இந்தப் பகுதியை நான் ரெண்டு மூன்று தடவை படித்தேன். கம்பெனி, கம்பெனி என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோதெல்லாம் மனசில் வந்தது பீரங்கியும் வரி வசூலும்தான். அது பொய்யும் இல்லை. ஆனால் 1638ல் சூரத்தில் அவர்கள் ராஜா இல்லை, மொகலாய அதிகாரியின் தயவில் பிழைத்த வியாபாரிகள். ஊரிலிருந்து ஒரு கடிதம் வர ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். கடிதம் வந்து சேரும்போது எழுதியவர் உயிரோடு இருப்பாரா என்பது வேறு விஷயம். ஹஜீராவில் ஒப்பந்த வேலைக்கு வந்து, குடும்பத்தைத் திருநெல்வேலியிலோ அரியலூரிலோ விட்டுவிட்டு, நாலு பேராக ஒரு அறையில் இருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு வெள்ளிக்கிழமை இல்லை, ஞாயிற்றுக்கிழமை. வீடியோ கால் முடிந்ததும் சீட்டுக்கட்டு. அவர்களிடம் மெத்வோல்டின் வெள்ளிக்கிழமையைச் சொன்னால் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

சரி, பானத்துக்கு வருவோம். பலேபுன்ட்ஸில் என்னென்ன இருக்கிறது என்பதைவிட அவை எங்கிருந்து வந்தன என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். இங்கிலாந்துக்காரர்கள் ஊரில் குடித்தது ஏல் என்கிற பீர் வகை, வசதி இருந்தால் ஒயின். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு ரெண்டு தடவை பூமத்திய ரேகையைத் தாண்டி வருவதற்குள் பீர் புளித்துவிடும். ஒயின் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும், ஆனால் யானை விலை. இங்கே மலிவாகக் கிடைத்தது அரக். அரபி மொழியில் 'அரக்' என்றால் வியர்வை. வாலையில் ஆவி குளிர்ந்து துளித்துளியாகச் சொட்டுவதைப் பார்த்து வைத்த பெயர், நம் சாராயம்தான். கோவாவில் தென்னங்கள்ளிலிருந்து வடித்தார்கள், வங்காளத்தில் வெல்லத்திலிருந்து. 1689ல் சூரத்துக்குப் பாதிரியாராக வந்த ஓவிங்டன் ரெண்டையும் ஒப்பிட்டு, வங்காளச் சரக்கு கோவாச் சரக்கைவிடக் கடுமையானது, ஐரோப்பியர்கள் பஞ்ச் செய்ய ரெண்டையுமே எடுக்கிறார்கள் என்று பதிவு செய்திருக்கிறார். பாதிரியாருக்கு இவ்வளவு விவரம் தெரிந்திருக்கிறது!

பச்சைச் சாராயம் தொண்டையை அறுக்கும். நம் ஆட்கள் அதற்கு ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார்கள். இவர்கள் எலுமிச்சையை உள்ளேயே பிழிந்துவிட்டார்கள். எலுமிச்சையும் சர்க்கரையும் சூரத் சந்தையில் குவிந்து கிடந்தன. பன்னீர் பாரசீகத்திலிருந்து கப்பலில் வந்தது. சில செய்முறைகளில் வருகிற ஜாதிக்காய் அன்றைக்கு உலகத்திலேயே பாண்டா தீவுகளில் மட்டும் விளைந்தது. அந்தத் தீவுகளை டச்சுக்காரர்கள் 1621ல் அங்கிருந்த ஜனங்களைக் கொன்றும் துரத்தியும் பிடித்துக்கொண்டார்கள். மேலே தூவின ஒரு சிட்டிகைக்குப் பின்னால் இப்படி ஒரு கதை.

ஆக, பஞ்ச் இங்கிலாந்துப் பானமும் இல்லை, இந்தியப் பானமும் இல்லை. துறைமுகத்துப் பானம். வந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த பழக்கத்தை (ஒயினில் சர்க்கரையும் வாசனைப் பொருளும் போட்டுக் குடிப்பது அவர்கள் ஊரில் ஏற்கெனவே உண்டு) இங்கே கிடைத்த சரக்கை வைத்து நடத்திப் பார்த்தது. இட்லி அரிசி கிடைக்காத ஊரில் ரவையை வைத்துச் சமாளிக்கிறோமே, அந்த மாதிரி. பஞ்ச் வரலாற்றை விரிவாக எழுதிய டேவிட் வோண்ட்ரிச் தன் 2010ஆம் வருஷத்துப் புத்தகத்தில், கம்பெனிக் கப்பல்களில் இருந்த ஆங்கில மாலுமிகள்தான் இதை உண்டாக்கியிருக்க வேண்டும் என்கிறார். எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது.

இப்போது பெயர். 'பஞ்ச்' என்ற சொல் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய காகிதம் 1632ஆம் வருஷத்தது. ஆடம்ஸ் என்ற கம்பெனி ஆள் ஒருவர் பெட்டப்பொலியில் (இன்றைய ஆந்திராவின் நிஜாம்பட்டினம்) இருந்த வணிகர் ஒருவருக்கு எழுதிய கடிதம். எல்லோரும் ஒற்றுமையாக இருங்கள், பஞ்சை அளவு பார்க்காமல் குடியுங்கள் என்கிற தோரணையில் ஒரு வரி வருகிறது. பஞ்ச் என்றால் என்ன என்று அவர் விளக்கவில்லை. அப்படியானால் படிப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. சோழமண்டலக் கரையில் 1632க்கு முன்பே அது பழகிப்போன சமாசாரம்.

அஞ்சு என்ற விளக்கத்தைச் சொன்னவர் ஜான் ஃப்ரையர், கம்பெனி வைத்தியர். 1670களில் இந்தியாவில் இருந்தார், புத்தகம் 1698ல் வந்தது. கோவாப் பக்கம் நெரூலில் காய்ச்சும் அரக்கைப் புகழ்ந்துவிட்டு, இதிலிருந்துதான் ஆங்கிலேயர்கள் 'பாஞ்ச்' செய்கிறார்கள், இந்துஸ்தானியில் அதற்கு ஐந்து என்று பொருள், ஐந்து பொருள் சேர்வதால் அந்தப் பெயர் என்று எழுதினார். அன்றிலிருந்து இன்றைக்கு வரை எல்லாரும் அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு இதில் ரெண்டு சந்தேகம். முதலாவது, எண்ணிக்கை. மாண்டெல்ஸ்லோ சொன்ன சூரத் பானத்தில் நாலு பொருள்தான். ஔரங்கசீப் காலத்தில் இங்கே இருந்த பிரெஞ்சு வைத்தியர் பெர்னியே இதையே 'பூல்போன்ஜ்' என்று எழுதுகிறார். அவர் பட்டியலும் இவர் பட்டியலும் ஒத்துப்போகவில்லை, பன்னீர் இருந்த இடத்தில் அவரிடம் ஜாதிக்காய் இருக்கிறது. அஞ்சு என்று பேர் வைத்த பண்டத்தில் அஞ்சு எது என்பதே நிலையாக இல்லை என்றால் எப்படி?

ரெண்டாவது, உச்சரிப்பு. 1600களின் ஆரம்பத்தில் ஆங்கிலேயர்கள் இந்தச் சொல்லைப் 'பஞ்ச்' என்று சொல்லவில்லை. 'புல்' என்பதில் வருகிற உகரம் போட்டுப் 'புன்ச்' என்றுதான் சொல்லியிருப்பார்கள். அகரம் மாதிரி ஒலிப்பது பிற்பாடு வந்த மாற்றம். ஜெர்மன்காரர் காதில் 'புன்ட்ஸ்' என்றும் பிரெஞ்சுக்காரர் காதில் 'போன்ஜ்' என்றும் விழுந்ததே அதற்குச் சாட்சி. இந்துஸ்தானியில் 'பாஞ்ச்', பாரசீகத்தில் 'பஞ்ஜ்'. இதைக் கேட்டவர்கள் உகரத்தில் எழுத வேண்டிய அவசியம் என்ன? இதனால்தான் சில அகராதிக்காரர்கள் வேறு வழி பார்க்கிறார்கள். கப்பலில் சாராயம் வைக்கும் பெரிய பீப்பாய்க்குப் 'பன்ச்சன்' என்று பெயர், மாலுமிகள் அதைச் சுருக்கியிருக்கலாம் என்கிறார்கள். அதற்கும் முடிவான ஆதாரம் கிடையாது. ஆனால் அஞ்சுக் கதை, 1632 கடிதத்துக்கு 40 வருஷம் கழித்து இந்தியாவுக்கு வந்த ஒரு படித்த மனிதர் சொல்லுக்கு அழகாகப் பொருத்திப் பார்த்த விளக்கம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. (நம்முடைய அஞ்சுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அது தனித் திராவிடச் சொல். ரஜினி பேசும் பஞ்ச் டயலாக்கும் வேறு, அது குத்து.)

மாமாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்சம் முகம் வாடினார். "ஏம்ப்பா, நம்மகிட்டேர்ந்து ஒண்ணுமே போகலைங்கறியா?" என்றார். போகாமல் என்ன மாமா? பேர் போனதா என்பதுதான் சந்தேகம். சாராயம் போனது, எலுமிச்சை போனது, சர்க்கரை போனது. மரம் ஏறிக் கள் இறக்கியவனும் வாலைக்கு அடியில் தீ போட்டவனும் இந்தக் கரைக்காரர்கள்தான். அவர்கள் பேர் எந்தப் பயணக் குறிப்பிலும் இல்லை. பெருமைப்பட வேண்டும் என்றால் எனக்கு வார்த்தையைவிட அந்த ஆட்கள் போதும்.

குடித்தவர்கள் நிலைமையையும் சொல்ல வேண்டும். பெர்னியே இந்தப் பானம் வாய்க்கு நன்றாக இருக்கும், உடம்புக்கு எமன் என்கிற மாதிரி எழுதினார். வங்காளத்தில் கப்பல்காரர்கள் கொத்துக்கொத்தாகச் செத்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்லி, ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு சாவு குறைந்தது என்கிறார். மலேரியா, வயிற்றுப்போக்கு எல்லாம் எதனால் வருகிறது என்று தெரியாத காலம். பழியில் பாதியைப் பஞ்ச் சுமந்தது. மசூலிப்பட்டினத்தில் 1676ல் மேஜர் பக்கிள் என்பவர் கம்பெனியின் இளவட்டங்களை ஒழுங்குபடுத்த ஒரு அபராதப் பட்டியல் போட்டுக் கொடுத்தார். அனுமதி இல்லாமல் பஞ்ச் கடைக்கும் சாராயக் கடைக்கும் போவது அதில் ஒரு குற்றம். கம்பெனியின் பியூன்களையும் வேலைக்காரர்களையும் அடிப்பது அடுத்த குற்றம். ரெண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

அப்புறம் பஞ்ச் லண்டனுக்குப் போய்ப் பெரிய மனுஷன் ஆயிற்று. 1731ல் லட்கேட் ஹில்லில் ஜேம்ஸ் ஆஷ்லி என்பவர் பஞ்சுக்கென்றே கடை திறந்தார். சீனத்துப் பீங்கானில் பஞ்ச் கிண்ணங்கள் வரவழைத்தார்கள். ஸ்வீடன்காரர்களும் 1731ல் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பித்து, ஜாவாத் தீவு அரக்கைக் கொண்டுபோனார்கள். அங்கே இன்றைக்கும் 'புன்ஷ்' என்ற பேரில் அது உண்டு (உகரத்தைக் கவனியுங்கள்). வியாழக்கிழமைகளில் பட்டாணி சூப்போடு சூடாகக் குடிப்பார்களாம். இங்கே இந்தியாவிலோ கம்பெனிக்காரர்களுக்குக் காசு வந்ததும் பிரெஞ்சு ஒயினுக்கும் பேல் ஏல் பீருக்கும் மாறிவிட்டார்கள். 1886ல் ஹாப்ஸன் ஜாப்ஸன் அகராதி வந்தபோது 'பஞ்ச் ஹவுஸ்' என்பது துறைமுகத்தில் மாலுமிகள் போகிற மட்டமான கடைக்குப் பேராகிவிட்டிருந்தது.

சாராயம் இல்லாத பஞ்ச் மேற்கே மதுவிலக்கு இயக்கங்கள் கிளம்பிய 19ஆம் நூற்றாண்டின் பிள்ளை. சர்ச் விருந்துகளில் கிண்ணம் இருந்தது, கரண்டி இருந்தது, சரக்கு மட்டும் காணாமல் போனது. 1934ல் கலிஃபோர்னியாவில் ஐஸ்கிரீம் மேலே ஊற்றுவதற்காக ஹவாயன் பஞ்ச் என்ற பழப்பாகு ஒன்றைத் தயாரித்தார்கள். பிறகு அதையே தண்ணீர் கலந்து குடிக்கும் பானமாக விற்றார்கள். நம் கடைகளில் டப்பாவில் கிடைக்கும் சிவப்புத் தண்ணீருக்கு அதுதான் தாத்தா. இந்த வம்சத்தின் மேல் எனக்குக் கோபம் சாராயத்தை எடுத்ததற்காக இல்லை. சாராயத்தோடு புளிப்பையும் வாசனையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள், மிஞ்சினது சர்க்கரை.

மாமியின் கவலைக்குச் சூரத்தே பதில் சொல்லிவிட்டது. பஞ்ச் எப்படி இருக்கும் என்று விவரித்த மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று எழுந்த இந்த ஊரில் இன்றைக்கு ஒரு சொட்டு விற்கக் கூடாது. பழைய பம்பாய் மாகாணத்தின் 1949ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம், 1960ல் குஜராத் தனி மாநிலம் ஆனபிறகும் தொடர்கிறது. பர்மிட் வாங்கினவர்களுக்கு வழி உண்டு, 2023 டிசம்பரில் காந்திநகர் கிஃப்ட் சிட்டிக்கு மட்டும் கொஞ்சம் தளர்த்தினார்கள். இதை வெறும் காந்தியின் செல்வாக்கு என்று நினைத்திருந்தேன். சூரத் மாவட்டத்துக்குத் தனிக் கதை இருக்கிறது. 1878ல் பம்பாய் ஆப்காரிச் சட்டம் வந்து, ஆதிவாசிகள் தங்கள் வீட்டில் இலுப்பைப் பூவில் வடித்துக்கொண்டிருந்தது குற்றமானது. குத்தகைதாரர் கடையில் காசு கொடுத்து, இல்லாவிட்டால் கடனுக்கு, குடிக்க வேண்டியதாயிற்று. கடனுக்கு நிலம் போனது. 1922, 23ல் இந்தப் பக்கத்து ஆதிவாசிகள் தேவி ஒருத்தி சாமியாடிகள் வாயிலாகக் கட்டளை இட்டதாகச் சொல்லி, கூட்டம் கூட்டமாகக் குடியை விட்டார்கள், கடைகளைப் புறக்கணித்தார்கள். வரலாற்றாசிரியர் டேவிட் ஹார்டிமன் இதைப் பற்றி 1987ல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். நம் சேலத்தில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கிய 1937க்கு 14, 15 வருஷம் முன்னால் நடந்த சமாசாரம் இது. "அப்ப பேரு இருக்கட்டும், சரக்குதான் கூடாது" என்று மாமி தீர்ப்பு சொல்லிவிட்டார்.

இனி செய்முறை. மேற்கிந்தியத் தீவுகளில் ஒரு பழைய கணக்கு உண்டு: புளிப்பு ஒரு பங்கு, இனிப்பு ரெண்டு, சரக்கு மூன்று, தண்ணீர் நாலு. சரக்கை எடுத்தால் அந்த மூன்று பங்கு இடத்தில் என்ன ஊற்றுவது என்பதுதான் கேள்வி. வெறும் பழச்சாறு ஊற்றினால் டப்பா பஞ்ச் ஆகிவிடும். தொண்டையில் லேசாகப் பிடிக்கிற ஏதாவது வேண்டும். பழைய பஞ்ச் செய்முறைகளிலேயே தேநீர் சேர்ப்பது உண்டு, நான் அதைத்தான் எடுக்கிறேன். கூடவே ஃபால்சா. கறுஞ்சிவப்பில் சுண்டைக்காய் அளவு இருக்கும் பழம், ஏப்ரல், மே மாதங்களில் இங்கே தள்ளுவண்டியில் வரும், நல்ல துவர்ப்பு.

25 பேருக்கு 20 எலுமிச்சை. பிழிவதற்கு முன்னால் 10 பழத்தின் மஞ்சள் தோலை மட்டும் மெல்லிசாகச் சீவி, முக்கால் கிலோ சர்க்கரையில் போட்டுக் கையால் நன்றாகக் கசக்கி ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். தோலில் இருக்கும் எண்ணெய் சர்க்கரையில் இறங்கிவிடும். வெள்ளைப் பகுதி சேர்ந்தால் கசக்கும். 200 வருஷத்துக்கு முன்னால் லண்டன் பஞ்ச் கடைகளில் செய்ததும் இதுதான், இந்த எலுமிச்சைச் சர்க்கரைக் கலவைக்கு அவர்கள் வைத்திருந்த பேர் 'ஷெர்பெட்'. நம் நன்னாரி சர்பத்தின் அதே சர்பத், அரபியிலிருந்து ரெண்டு பக்கமும் போன சொல்.

ரெண்டு லிட்டர் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, 6 டீஸ்பூன் தேயிலை போட்டு நாலே நிமிஷத்தில் வடிகட்டுங்கள். நம் வழக்கப்படி கொதிக்கவிட்டால் காரியம் கெட்டது. அந்தச் சூடான தேநீரைச் சர்க்கரையில் ஊற்றிக் கரைத்துத் தோலை எடுத்துவிடுங்கள். ஆறினதும் எலுமிச்சைச் சாறு அரை லிட்டர், சாத்துக்குடிச் சாறு ஒரு லிட்டர், அரைக் கிலோ ஃபால்சாவைக் கையால் பிசைந்து வடித்த சாறு. பிரிட்ஜில் நாலு மணி நேரம்.

ஐஸ் சின்னச் சின்னக் கட்டியாகப் போட்டால் சூரத் வெயிலில் பத்து நிமிஷத்தில் எல்லாம் தண்ணீர். முதல் நாளே பெரிய டிபன் பாக்ஸில் தண்ணீர் ஊற்றி ஒரே பாளமாக உறைய வையுங்கள், மெதுவாகக் கரையும். பரிமாறும்போது ஒன்றரை லிட்டர் சோடா, சமையலுக்கான பன்னீர் ரெண்டு மேஜைக் கரண்டி. மாண்டெல்ஸ்லோவின் பன்னீர் இங்கேதான் வருகிறது, கூடினால் கல்யாண மண்டப வாசனை அடிக்கும்.

நுங்கு இருந்தால் தோல் உரித்து நறுக்கிப் போடுங்கள். இங்கே தாட்ஃபலி என்பார்கள், சூரத்துக்காரர்கள் கலேலி என்றும் சொல்வார்கள். அடாஜண், பால் பக்கமெல்லாம் சாலையோரத்தில் சீவித் தருவார்கள். கள்ளும் அரக்கும் கொடுத்த அதே குடும்பத்து மரம், சட்டத்துக்கு உட்பட்டுக் கிண்ணத்துக்குள் வந்துவிடும். ஜாதிக்காயை மட்டும் முன்கூட்டியே பொடித்து வைக்காதீர்கள். முழுக் காயாக வாங்கி, எல்லாரும் டம்ளரோடு வந்து நின்ற பிறகு மேலே துருவுங்கள். அரைக் காய் போதும்.